பஞ்சுப் பெட்டி

வலது தோளைத் தூக்க முடியாமல் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. பனியனைக் கழற்றுவதற்கே ஒரு முறை வைத்திருந்தான் வெல்டர். முதலில் இடது கையை உருவ வேண்டும், பிறகு தலையை, கடைசியில் வலது கையை அசைக்காமல் துணியை மட்டும் கீழே இழுத்துவிட வேண்டும். இதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வான். மனைவி பார்த்தால் டாக்டரிடம் போகலாம் என்பாள். டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். சாரத்தில் ஏறி, கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. முப்பது வருடமாக அவன் பார்த்துவந்த வேலையே அதுதான்.

அவளுக்கு மணிக்கட்டு. சலவைக்கூடத்தில் ஈரப் போர்வையைப் பிழிந்து பிழிந்து இரண்டு மணிக்கட்டும் வீங்கிப்போயிருந்தன. சோடாத் தூளில் ஊறி விரல் நுனி வெடித்திருக்கும். வெங்காயம் நறுக்கினால் எரியும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தைல டப்பா இருந்தது. சாப்பாடு முடிந்ததும் அது மேசையில் கைமாறும். அவன் மணிக்கட்டுக்குத் தேய்த்துவிடுவான், அவள் தோளுக்குத் தேய்த்துவிடுவாள். பேசுவதற்கு அவர்களுக்கு இருந்த நேரம் அதுதான்.

சலவைக்கூடம் பதினான்கு பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, போர்வை, ஆபரேஷன் அறைத் துணி எல்லாம் அங்கேதான் வரும். இந்த வருடம் அவள்தான் தலைவி. அந்தப் பட்டத்தால் கூலி கூடவில்லை. "தலைவி, அந்த வாளிய எடு" என்று வேலை வாங்குவதற்குத்தான் மற்றவர்களுக்கு அது உதவியது.

கூடத்தின் நடுவில் ஒரு கொதிதொட்டி. இடுப்புயரம், ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், அடியில் செங்கல் அடுப்பு. அது ஒழுக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. வெல்டர் ஒவ்வொரு முறையும் போய் ஒட்டுப் போட்டான். கடைசி முறை போனபோது சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுப் போட ஒட்டுத்தான் இருக்கிறது, தகடு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

புதுத் தொட்டி செய்ய வேண்டும். அதைச் செய்யும் வேலை கிடைத்தால் வெல்டர் ஒரு மாதம் தரையில் நின்று, சொந்தக் கொட்டகையில், தோள் மட்டத்துக்குக் கீழேயே கையை வைத்துக்கொண்டு சம்பாதிக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி சாரம்தான். இது வீட்டில் இருவருக்கும் தெரியும். அதனால்தான் சிக்கலே.

ஏனென்றால், முன்பு சலவைக்கூடத்தின் கூரையை மாற்றியபோது அப்போதைய தலைவி தன் கொழுந்தனைக் கூப்பிட்டு, பேசி, வேலையைக் கொடுத்துவிட்டாள். கொழுந்தன் மோசமான ஆள் இல்லை. ஆனால் முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. அப்புறம் யார் எவ்வளவு தின்றார்கள் என்ற பேச்சு ஒரு வருடம் ஓடியது. அந்தத் தலைவி இன்னும் அதே கூடத்தில்தான் துணி அலசுகிறாள். அவளுக்குப் பக்கத்துத் தொட்டியில் யாரும் நிற்பதில்லை.

கூட்டத்தில் கணக்கர்தான் முதலில் பேசினார். ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத்துக்கு வாரம் இரண்டு நாள் வருவார். படம் வரைந்து, நாலு பேருக்குக் கொடுத்து, ஒட்டிய கவரில் விலை வாங்கி, எல்லார் முன்னாலும் பிரித்து, குறைந்த விலைக்காரனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

சிரிப்பக்காவுக்கு அது பிடிக்கவில்லை. கூடத்திலேயே மூத்தவள் அவள். அடுப்புப் பக்கம் நிற்பவள். அழ வேண்டிய இடத்திலும் சிரிப்பு வந்துவிடும், அதனால் அந்தப் பெயர்.

"எதுக்கு சார் கவரு? நாலு பேரையும் கூப்பிட்டு இந்தத் தொட்டி ஓரத்துல நிக்க வைப்போம். எவன் என்ன கேக்கறான்னு பாப்போம். கேள்வி கேக்கறவனுக்குத்தான் வேல தெரியும்."

"பேசி முடிக்கணும்னா பேசத் தெரிஞ்சவன் ஜெயிச்சிடுவாம்மா. கவர்ல பேச்சே கெடையாது. நம்பர் மட்டுந்தான்."

"நம்பரு துணி வெளுக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தலைவியைப் பார்த்தார்கள். கூப்பிட்டுப் பேசுவது என்றால் யார் வருவார், யாருக்குப் போகும் என்று பதினான்கு பேருக்கும் தெரியும். கவருக்கு முதல் கையைத் தூக்கியது அவள்தான்.

அன்றைக்கு இரவு தைல டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தொட்டி விஷயம் முடியற வரைக்கும் நீங்களும் நானும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாதுங்க. நாளைக்கு ஒருத்தி என்னைப் பாத்து, வீட்ல பேசித்தானே வெலை போட்டீங்கன்னு கேட்டா, இல்லடின்னு மொகத்தப் பாத்துச் சொல்லணும்."

"சரி. பருப்புல உப்பு இல்ல. அதப் பேசலாமா?"

"அதப் பேசலாம்."

இரண்டு பேரும் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினார்கள். மூன்று வாரம் அந்த வீட்டில் தொட்டி என்ற சொல்லே விழவில்லை. குளிக்கிற இடத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால்கூட, "அதுல தண்ணி இல்ல" என்றுதான் சொன்னார்கள். வேறு எதையாவது பேசப்போய் வாய் தவறிவிடுமோ என்று மற்ற பேச்சும் குறைந்தது. தைலம் மட்டும் கைமாறியது.

படம் கொடுக்கும் நாளன்று வெல்டர் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு சலவைக்கூடத்து ஆபீஸ் அறைக்குப் போனான். வரிசையில் மூன்றாவதாக நின்றான். மேசைக்கு அந்தப் பக்கம் மனைவி. கட்டணத்தை எண்ணி வாங்கினாள், ரசீது எழுதினாள், படத்தை நீட்டினாள், கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள். அவன் போட்டான். "அடுத்தது" என்றாள். காலையில் அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்ததும் அதே கைதான்.

கொட்டகைக்கு வந்து படத்தை விரித்தான். நீளம், அகலம், தகட்டுக் கனம் எல்லாம் சுத்தமாக இருந்தது. அடிப்பாகத்தைப் பார்த்தான். தட்டையாக ஒரு கோடு. மூலையில் ஒரு ஓட்டை, அதிலிருந்து பைப், பைப்பில் வால்வு. அவ்வளவுதான்.

பஞ்சுப் பெட்டி எங்கே?

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சாப்பாட்டு நேரத்தில், துணியிலிருந்து உதிரும் பஞ்சும் நூலும் கழிவுக் குழாயை அடைத்துக்கொள்கின்றன, கொதிதண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று மனைவி சொன்னாள். அடுத்த விடுமுறையில் வெல்டர் போனான். தொட்டியின் அடித்தகட்டை வெட்டி, இரண்டு விரல் உயரத்துக்குச் சரிவு கொடுத்தான். ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம் பற்றவைத்தான். அந்த வளையத்தில் கச்சிதமாக உட்காருகிற மாதிரி, ஓட்டை போட்ட தகட்டில் ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தான். தண்ணீர் போகும், பஞ்சு நிற்கும். காசு வாங்கவில்லை. டீயும் இரண்டு பன்னும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெட்டியைக் கழற்றி, சுரண்டி, வெளிச் சுவரில் ஆணியில் மாட்டிக் காயவைப்பார்கள். திங்கட்கிழமை காலையில் மறுபடி உள்ளே.

கணக்கர் பிடித்துவந்த, படம் வரைகிறவன் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறான். கூடத்தில் காவல்காரனைத் தவிர ஒருவரும் இல்லை. வெளியிலிருந்து டேப் பிடித்து அளந்திருக்கிறான். உள்ளே எட்டிப் பார்த்திருப்பான், இருட்டு. இரண்டு விரல் சரிவு கண்ணுக்குத் தெரியாது. பெட்டி சுவரில் காய்ந்துகொண்டிருந்தது. எலிப்பொறி என்று நினைத்திருப்பான்.

பெண்கள் படத்தைப் பார்த்தார்கள்தான். அவ்வளவு நேரான கோடுகளைப் பார்த்ததும், நமக்குத் தெரிந்ததெல்லாம் இதில் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

வெல்டர் பீடி பற்றவைத்து யோசித்தான். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், பதில் நாலு பேருக்கும் போகும் என்று விதியில் இருந்தது. எழுதினால் என்ன ஆகும்? தொட்டிக்கு உள்ளே இருக்கிறது இவனுக்கு எப்படித் தெரியும், பெண்டாட்டி சொன்னாளா என்பார்கள். அவனே செய்த பெட்டி என்பது யாருக்கு நினைவிருக்கும்? நினைவிருந்தாலும் வசதியாக மறந்துவிடுவார்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வார்த்தை கொடுத்திருக்கிறான்.

இதெல்லாம் நிஜமான காரணம்தான். இன்னொன்றும் இருந்தது. கவர் வேண்டும் என்றார்கள் அல்லவா, கவரே பேசட்டும் என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு. அதை அவன் அப்போது தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இரண்டு கணக்குப் போட்டான். இடது பக்கம், படத்தில் உள்ளபடி. வலது பக்கம், சரிவு, வளையம், பெட்டி சேர்த்து. இரண்டுக்கும் வித்தியாசம் பன்னிரண்டு நாள் கூலி. இடது பக்கத்து விலையைப் போட்டால் வேலை கிடைக்கும். பிறகு பெட்டி எங்கே என்று கேட்கும்போது கூடுதல் கேட்கலாம். அதை மனைவியின் முகத்துக்கு நேராக நின்று கேட்க வேண்டும். அவன் வலது பக்கத்து விலையைப் போட்டான். படிவத்தில் தொகை எழுத மட்டும்தான் கட்டம் இருந்தது. எதற்கு என்று எழுத இடமில்லை.

கவர் பிரித்த நாளில் அவள்தான் ஒவ்வொன்றாக வாசித்தாள். புருஷனுடைய விலையையும் மற்ற விலைகளைப் போலவே, குரல் மாறாமல் வாசித்தாள். அது இரண்டாவதாக நின்றது. குறைந்த விலை கொக்குடையது. நெட்டையான ஆள், குனிந்தே நடப்பான், பட்டறை வைத்து எட்டு வருடம் ஆகிறது, கைவேலை சுத்தம். வித்தியாசம் ஏறக்குறைய அதே பன்னிரண்டு நாள் கூலி.

அன்று சாப்பாட்டில் வெல்டருக்கு இரண்டு முட்டை இருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அவன் ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தான். விஷயம் முடிந்துவிட்டது, இனிப் பேசலாம். இரண்டு பேரும் பேசவில்லை.

டீக்கடையில் கொக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஏன் அவ்ளோ போட்டீங்க?"

"அதுல பஞ்சு எங்க போகும்னு யோசிச்சியா?"

கொக்கு டீயை ஆற்றினான். "படத்துல பஞ்சே இல்லண்ணே. இருக்கறதுக்கு இப்ப வெல. இல்லாததுக்கு அப்பறம் வெல. கவர் தொழில்ல சோறே அப்பறம் வர்றதுலதான் இருக்கு. எனக்கும் வீட்ல நாலு வாயி."

அவனைக் குறை சொல்ல வெல்டருக்குத் தோன்றவில்லை. அப்போதும் போய்ச் சொல்லியிருக்கலாம். தோற்றவன் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள் என்று டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தான். மறுநாளிலிருந்து ஒரு கிடங்குக் கூரையில் சாரம் ஏறினான்.

புதுத் தொட்டி மழைக்காலத் தொடக்கத்தில் வந்தது. பளபளவென்று இருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. திங்கட்கிழமை காலையில் ஒருத்தி பஞ்சுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து உள்ளே குனிந்தாள். குனிந்தபடியே கேட்டாள், இது எங்கே உட்காரும் என்று. கொக்கு படத்தை விரித்துக் காட்டினான். கணக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தில் இல்லை.

அப்போதைக்குப் பெட்டியை ஓட்டை மேல் வைத்து, நகராமல் இருக்க ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தார்கள். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் செங்கல் சரிந்து பெட்டி நகர்ந்துவிட்டது. வால்வைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை. அடுப்புப் பக்கம் நின்ற சிரிப்பக்கா கம்பியை எடுத்து வால்வு வாயில் விட்டுக் குத்தினாள். நாலாவது குத்தில் அடைப்பு விட்டது. கொதிதண்ணீர் முழு வேகத்தில் அவள் இடது கால்மேல் அடித்தது. கணுக்கால் முதல் விரல் வரை தோல் வழன்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, நாம் துவைத்த விரிப்பிலேயே படுக்கப்போகிறேன் என்று சிரித்தாளாம். அப்புறம் சிரிக்கவில்லை.

தொட்டியை நிறுத்திவிட்டார்கள். பீப்பாய்களில் தண்ணீர் காய்ச்சிக் கையால் துவைத்தார்கள். மழையில் விறகு எரியவில்லை, துணி காயவில்லை. இன்னொரு நாள் துணி தாமதமானால் வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்தது. சரிவும் வளையமும் பெட்டியும் வைத்துத் தர கொக்கு விலை சொன்னான். இருபத்தைந்து நாள் கூலி.

தொட்டியை நிறுத்திய ஆறாம் நாள் சாயங்காலம் தலைவி வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டை மடக்க முடியவில்லை. வெல்டர் இன்னும் வரவில்லை. அலமாரியில் தைல டப்பாவை எடுத்தாள். டப்பாவின் அடியில் தைலம் வழிந்து மரத்தில் ஒட்டாமல் இருக்க ஒரு தாளை மடித்து வைத்திருந்தான். காலண்டர் தாள். டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்துப் பார்த்தாள். இடது பக்கம் ஒரு கணக்கு. வலது பக்கம் ஒரு கணக்கு. சரிவு, வளையம், பெட்டி என்று அவன் கையெழுத்தில். தேதியைத் திருப்பிப் பார்த்தாள்.

அவன் வந்து, கதவைச் சாத்தி, பனியனோடு மல்லுக்கட்டி, வெளியே வந்தான். தாள் மேசைமேல் இருந்தது.

"தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"படம் குடுத்தியே, அன்னிக்கே."

அவள் தாளை மடித்தாள். "ஒரே வீட்ல படுத்து எந்திரிக்கிறோம்."

"நீதானம்மா பேசக் கூடாதுன்ன."

"ஆமா. நாந்தான் சொன்னேன்." குரல் உயரவில்லை. "வெலையப் பேசக் கூடாதுன்னு நெனச்சு சொன்னேன். தொட்டியவே பேசக் கூடாதுன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க."

"ரெண்டையும் எப்படிப் பிரிக்கறது? இதச் சொன்னா நீ போய்ச் சொல்லுவ. சொன்னா, வீட்ல பேசிக்கிட்டாங்கன்னு உம்மேலதான் வரும்."

"வரட்டுமே. நாலு பேர் பேசுவாங்க, அவ்ளோதான? அக்கா கால் நல்லா இருந்திருக்கும்."

அவன் தைல டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தானே ஒரு கையால் மற்றொரு மணிக்கட்டுக்குத் தேய்த்துக்கொண்டாள். அவனுக்குத் தேய்த்துவிடவில்லை.

மறுநாள் கூட்டம் போட்டாள். காலண்டர் தாளை எல்லாருக்கும் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, நான் வேண்டுமானால் தலைவியாக இருக்கவில்லை என்றாள். ஒருத்தி, இருக்காவிட்டால் வாளியை யார் எடுப்பது என்று கேட்டாள். பழைய தலைவி, கூரைக்காரி, அலசுகிற இடத்திலிருந்து முதல்முறையாகக் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். கவர் எதுவும் வேண்டாம், அந்த ஆளைக் கூப்பிட்டுத் தொட்டி ஓரத்தில் நிறுத்துங்கள் என்றாள். கணக்கர் மறுக்கவில்லை. எல்லாக் கணக்கையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், நான் எழுதிக்கொள்வேன் என்றார்.

வெல்டர் வந்தான். தகடு இவ்வளவு, கம்பி இவ்வளவு, கரண்டு இவ்வளவு, என் கூலி இவ்வளவு என்று சொன்னான். கூலியைக் குறை என்றார்கள். தோளைக் காட்டி முடியாது என்றான். சரி, நாங்கள் செங்கல்லைப் பிரித்து வைக்கிறோம், அதற்கு ஆள் வைக்காதே என்றார்கள். அதில் இரண்டு நாள் கூலி இறங்கியது. பெட்டிக்கு மேலே நீளமாக ஒரு பிடி இருந்தால் கொதிதண்ணீரில் கை விட வேண்டாம் என்று ஒருத்தி சொன்னாள். வால்வை அடுப்புப் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் திருப்பினால் என்ன என்று இன்னொருத்தி கேட்டாள். அவன் படத்தைப் பார்த்து, தொட்டியைப் பார்த்து, தலையைச் சொறிந்தான். ஆறு வருடத்துக்கு முன்னாலேயே அப்படி வைத்திருக்க வேண்டும் என்றான். டீ முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. பதினான்கு நாள் கூலி.

சிரிப்பக்கா வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டிமேல் நீட்டியிருந்தாள். வராதே என்று சொல்லியும் வந்திருந்தாள்.

"தம்பி. ஒனக்கு மொதல்லயே தெரியுமாமே?"

"தெரியும்க்கா."

"அன்னைக்கு நான் கேட்டேன், கூப்பிட்டுப் பேசலாம்னு. இவங்க கேக்கல. சரி, கூப்பிடலன்னா என்ன? நீ வந்து சொல்றதுக்கு இந்தக் கூடத்துல கதவா இருக்கு?"

கூடத்துக்குக் கதவு கிடையாது. ஆவி வெளியே போவதற்காக வாசல் எப்போதும் திறந்தே இருக்கும்.

வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு. "நீங்க வராத நாளுக்குச் சங்கம் குடுக்காத பாக்கிக் கூலிய நான் தர்றேன்க்கா" என்றான். கணக்கர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்று நாளில் தொட்டி ஓட ஆரம்பித்தது. இன்றுவரை அடைக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணி வேறு எங்கும் போகவில்லை. வீட்டில் தைலம் மறுபடி கைமாறுகிறது. பேச்சும் கொஞ்சம் கூடியிருக்கிறது. தொட்டி என்ற சொல்லைத் தாராளமாகவே சொல்கிறார்கள். வெல்டர் கிடங்குக் கூரையில்தான் இருக்கிறான். தோள் அப்படியேதான் இருக்கிறது.

சிரிப்பக்கா வேலைக்கு வர முப்பத்து நான்கு நாள் ஆயிற்று. வராத நாளுக்குச் சங்கம் பாதிக் கூலி கொடுக்கும், அதுதான் விதி. மீதிப் பாதியை வெல்டர் சேர்த்து, டெண்டருக்கு வாங்கியதில் மீந்துபோன கவர் ஒன்றில் போட்டு மனைவியிடம் கொடுத்தனுப்பினான். அன்று சாயங்காலமே கவர் அப்படியே திரும்பி வந்தது.

"கவர்ல போட்டா அனுப்புனாருன்னு கேட்டாங்க" என்றாள் மனைவி. "வேணாம்னு சொல்லல. தம்பி வந்து, வாயத் தெறந்து சொல்லிட்டுக் குடுக்கட்டும்னாங்க."

"என்னத்தச் சொல்றது?"

"அது ஒங்களுக்குத்தான் தெரியும்."

சிரிப்பக்காவின் வீடு கிடங்குக்குப் போகிற வழியில்தான். காலையிலும் சாயங்காலமும் வெல்டர் அதைத் தாண்டித்தான் போகிறான். வாசலில் அவள் உட்கார்ந்திருந்தால் தலையை ஆட்டுவான், அவளும் ஆட்டுவாள். கவர் அலமாரியில் தைல டப்பாவின் அடியில், காலண்டர் தாள் இருந்த இடத்தில் இருக்கிறது. பதினேழு நாள் கூலி. இன்னும் கொடுக்கவில்லை.